பல திரைகளில் ஒரு பக்கம்

அச்சிட்ட நூல் ஒன்றைச் சென்னையில் ஒருவர் வாங்குகிறார். அதன் மற்றொரு படியை யாழ்ப்பாணத்தில் ஒருவர் வாங்குகிறார். இருவரும் நாற்பதாம் பக்கத்தைத் திறந்தால், இருவர் கண்ணுக்கும் ஒரே சொல்லே முதற்சொல்லாகத் தோன்றும். எழுத்தின் பருமனும், வரியின் நீளமும், படத்தின் இடமும் சிறிதும் மாறா. அச்சகத்தார் மையிட்டு அழுத்திய அந்நொடியிலேயே அப்பக்கத்தின் உருவம் முடிவாகிவிட்டது. அதன்பின் அதனை மாற்ற வல்லவர் எவரும் இலர், கறையான் ஒன்றைத் தவிர.

இணையப் பக்கம் அத்தன்மையது அன்று. அது நம்மிடம் உருவமாக வந்து சேர்வதில்லை; குறிப்பாகவே வந்து சேர்கிறது. ‘இது தலைப்பு, இது பத்தி, இவ்விடத்தில் இப்படம், இச்சொல்லைத் தொட்டால் அப்பக்கம்’ என்றாற்போன்ற குறிப்புகளும் எழுத்துகளும் கலந்து கம்பி வழியாகவும் வான்வழியாகவும் நம் கணினியை அடைகின்றன. அக்குறிப்புகளைப் படித்து, எழுத்தடுக்கி, வரி பிரித்து, வண்ணம் தீட்டிப் பக்கமாகக் கட்டித் தருவது கணினியில் உள்ள உலாவி என்னும் மென்பொருளே. எனவே, அச்சகம் ஓரிடத்தில் இல்லை. படிப்பவர் ஒவ்வொருவர் வீட்டிலும் ஓர் அச்சகம் உள்ளது. அவ்வச்சகங்கள் யாவும் ஒரே வகையின அல்ல என்பதுதான் இங்கு நாம் ஆராயப் புகும் பொருள்.

இதனை விளக்க ஓலைச்சுவடிக் காலத்தை நினைவுகூர்தல் தகும். ஆசிரியர் ஒருவர் நடுவில் அமர்ந்து பாடம் சொல்கிறார். மாணாக்கர் பதின்மர் சுற்றியிருந்து எழுத்தாணியால் தத்தம் ஓலையில் எழுதிக்கொள்கின்றனர். ஒருவன் ஓலை நீண்டது; மற்றொருவன் ஓலை குறுகியது. ஆகவே, ஒருவனுக்கு ஐந்தாம் வரியில் முடியும் செய்யுள் மற்றொருவனுக்கு எட்டாம் வரியில் முடியும். இதனால் செய்யுளுக்குக் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால், ஆசிரியர் சொன்ன சொல் ஒன்றை ஒருவன் வேறாகக் கேட்டு எழுதினால், அங்கே குற்றம் பிறக்கிறது. வரி மடங்கும் இடம் மாறலாம், சொல் மாறலாகாது. பல உலாவிகளிலும் பலவகைக் கணினிகளிலும் ஒரு பக்கம் செம்மையாகத் தோன்றவேண்டும் என்று நாம் கூறும்போது, இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். எல்லாத் திரைகளிலும் மயிரிழையும் பிசகாத ஒரே தோற்றத்தை நாடுவோர் வீணே துன்புறுவர். படிக்க வந்தவர் எவரும் படிக்க இயலாமல் திரும்பிப் போகலாகாது என்று எண்ணுவோரே பயன் பெறுவர்.

இத்தொல்லை இணையத்தோடு உடன்பிறந்தது. சுவிட்சர்லாந்து நாட்டில் ஜெனீவா நகரை அடுத்துச் செர்ன் என்னும் ஆய்வுக்கூடம் உள்ளது. அங்குப் பணிபுரிந்த டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர், ஆய்வுக் குறிப்புகளை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும் முறை ஒன்றை 1989-ஆம் ஆண்டில் எழுதி அளித்தார். 1990-ஆம் ஆண்டின் இறுதியில் முதல் உலாவியையும் ஆக்கி முடித்தார். ஆனால், அவ்வுலாவி நெக்ஸ்ட் என்னும் ஒரு வகைக் கணினியில் மட்டுமே இயங்கியது. ஆய்வுக்கூடத்திலோ பல நாட்டினர் கொணர்ந்த பல வகைக் கணினிகள் இருந்தன. விலையுயர்ந்த அவ்வொரு கணினியை உடையவர் மட்டும் படிப்பதானால், அம்முறையால் விளையும் பயன் யாது?

அக்காலத்தில் நிக்கோலா பெல்லோ என்னும் கணித மாணவி பயிற்சியின் பொருட்டு அங்கு வந்திருந்தார். எவ்வகைக் கணினியிலும் இயங்கத்தக்க எளிய உலாவி ஒன்றை எழுதும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் ஆக்கிய உலாவி எழுத்துகளை மட்டும் வரிவரியாகக் காட்டியது. அதில் படம் இல்லை, வண்ணம் இல்லை, சுட்டியால் தொடும் வசதியும் இல்லை. இணைப்புடைய சொல்லின் அருகே ஓர் எண் தோன்றும். அவ்வெண்ணைத் தட்டினால் அடுத்த பக்கம் வரும். அழகற்ற அவ்வுலாவியினாலேதான் நெக்ஸ்ட் கணினி இல்லாத பலர் இணையப் பக்கத்தை முதன்முதலாகக் கண்ணுற்றனர். பெர்னர்ஸ் லீயின் பெயரை உலகம் அறியும். அம்மாணவியின் பெயரை அறிந்தோர் சிலரே. இது முறையன்று என்பது என் கருத்து.

பின்னர் வணிகர் வந்தனர். 1993-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் மொசைக் என்னும் உலாவி தோன்றிப் படமும் எழுத்தும் ஒரே பக்கத்தில் விளங்கக் காட்டியது. 1994-இல் நெட்ஸ்கேப்பும், 1995-இல் மைக்ரோசாப்டு நிறுவனத்தாரின் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் வெளிவந்தன. இவ்விரண்டுக்கும் கடும்போட்டி மூண்டது. ஒன்றில் எழுத்து மின்னி மின்னி மறைந்தால், மற்றொன்றில் எழுத்து திரையின் குறுக்கே ஊர்ந்து சென்றது. மின்னுவது இதற்குத் தெரியாது. ஊர்வது அதற்குத் தெரியாது. பக்கம் எழுதுவோர் செய்வதறியாது, ‘இப்பக்கத்தை இன்ன உலாவியிலேயே காண்க’ என்று முகப்பில் எழுதிவைத்தனர். நூலக வாயிலில், ‘இன்ன கடையில் வாங்கிய மூக்குக்கண்ணாடி அணிந்தோர் மட்டும் உள்ளே வருக’ என்று எழுதிவைப்பதற்கு இஃது ஒப்பாகும். அவ்வறிவிப்பைக் கண்டு எவரும் நாணியதாகத் தெரியவில்லை.

மின்னுவதும் ஊர்வதும் சிறு குறும்புகள். இரு உலாவிகளும் ஒரே குறிப்புக்கு இரு பொருள் கொண்டதே பெருந்தொல்லை. கயிற்றுக் கட்டில் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். ‘நான்கு அடி அகலத்தில் கட்டில் செய்க’ என்று தச்சரிடம் சொன்னால், சட்டத்தையும் சேர்த்து நான்கு அடியா, உள்ளிருக்கும் பின்னல் மட்டும் நான்கு அடியா? முன்னரே பேசி முடிவு செய்யாவிடில் வீட்டின் மூலையில் அக்கட்டில் அடங்காது. இணையப் பக்கத்திலும் அவ்வாறே நேர்ந்தது. ஒரு பெட்டியின் அகலம் 300 படப்புள்ளி. உள்ளே இருபுறமும் இடைவெளி 20, 20. கரை 5, 5 எனக் கொள்வோம். 1996-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான சி.எஸ்.எஸ். என்னும் தோற்ற விதிகளின்படி 300 என்பது எழுத்து நிற்கும் உள்ளகலமே. ஆகவே பெட்டி மொத்தத்தில் 350 படப்புள்ளி இடத்தை அடைக்கும். விண்டோஸ் கணினிகளில் இயங்கிய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஐந்தாம் பதிப்போ, 300 என்பதனைக் கரையோடு கூடிய மொத்த அகலமாகக் கொண்டது. எழுத்துக்கு எஞ்சியது 250 மட்டுமே. ஒரு பெட்டியில் வேறுபாடு 50. மூன்று பெட்டிகளை அடுத்தடுத்து நிறுத்தினால் வேறுபாடு 150 ஆகும். ஓர் உலாவியில் ஒழுங்காக நின்ற மூன்றாம் பெட்டி மற்றோர் உலாவியில் இடமின்றிக் கீழே விழுந்துவிடும்.

இதில் வியப்பு ஒன்று உண்டு. அதே ஐந்தாம் பதிப்பு என்னும் பெயரோடு மெக்கின்டாஷ் கணினிக்காக 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த உலாவி விதியைத் தழுவியே நடந்தது. பெயர் ஒன்று, இயல்பு இரண்டு. மேலும், பக்கத்தின் முதல் வரியைப் பார்த்து, இது விதியறிந்து எழுதிய பக்கமா, பழைய வழக்கில் எழுதிய பக்கமா என்று தெளிந்து, அதற்கேற்ப நடந்துகொள்ளும் முறையையும் அவ்வுலாவி கொணர்ந்தது. இன்றும் அம்முதல் வரியை எழுத மறந்தால், உலாவி பழைய வழக்குக்குத் திரும்பிவிடும். கட்டிலைச் சட்டத்தோடு அளக்கும் முறை தவறென்று ஒருகாலத்தில் இகழப்பட்டது அன்றோ? பிற்காலத்து விதிகள் அதனையும் ஒரு விருப்ப முறையாக ஏற்றுக்கொண்டன; பக்கம் அமைப்போர் பலர் இன்று அதனையே விரும்புகின்றனர்.

விதி வகுப்பதற்கென்று ஓர் அவையமும் இருந்தது. பெர்னர்ஸ் லீ 1994-ஆம் ஆண்டில் வைய விரிவலைக் கூட்டமைப்பைத் தொடங்கினார். விதிகள் வெளிவந்தன, எனினும் உலாவிகள் அவற்றை முழுமையாகப் பின்பற்றவில்லை. ஆதலின், பக்கம் எழுதுவோரே 1998-ஆம் ஆண்டில் ஓர் இயக்கமாகத் திரண்டு, விதியைப் பின்பற்றுமாறு நிறுவனங்களை வற்புறுத்தினர். 2005-இல் அவ்வியக்கத்தார் ஒரு தேர்வுப் பக்கத்தை வெளியிட்டனர். விதிகளைச் சரியாக அறிந்த உலாவியில் அப்பக்கம் சிரித்த முகமாகத் தோன்றும். அறியாத உலாவியில் முகம் கோணிக் கண்ணும் வாயும் சிதறிக்கிடக்கும். தத்தம் உலாவியில் முகம் சிதைந்திருத்தலைக் கண்ட நிறுவனத்தார் ஒருவர்பின் ஒருவராகத் திருத்திக்கொண்டனர். நூறு பக்க முறையீட்டினால் ஆகாதது ஒரு கோணல் முகத்தினால் ஆயிற்று.

2014-ஆம் ஆண்டில் முடிவான எச்.டி.எம்.எல். ஐந்தாம் விதித்தொகுதி இன்னும் ஒருபடி சென்றது. பக்கம் எழுதுவோர் தவறு செய்வர். தொடங்கிய குறியை முடிக்க மறப்பர். உலாவிகள் அத்தவற்றைப் பொறுத்துக்கொள்வது முன்பே உண்டு. ஆனால், ஒவ்வோர் உலாவியும் ஒவ்வொரு வகையில் பொறுத்தது. இன்ன தவற்றை இன்னவாறு பொறுக்க என்று புதிய விதி வரையறுத்தது. தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இது புதுமையன்று. வழுவும் உண்டு, வழாநிலையும் உண்டு, வழுவமைதியும் உண்டு என்று நம் முன்னோர் வகுத்துள்ளனர். வழுவமைதிக்கும் இலக்கணம் வேண்டும் என்பதனை உலாவி செய்வோர் உணர இருபது ஆண்டுகள் கழிந்தன.

உலாவி ஒன்றாயினும் கணினி வேறாயின் தோற்றம் வேறாதலும் உண்டு. பழைய மெக்கின்டாஷ் கணினி ஓர் அங்குலத்துக்கு 72 படப்புள்ளி என்று கணக்கிட்டது. விண்டோஸ் 96 என்று கணக்கிட்டது. அச்சுக்கலையில் 12 புள்ளி எழுத்து என்பது அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு. எனவே, அதே எழுத்து முன்னதில் 12 படப்புள்ளி உயரமும், பின்னதில் 16 படப்புள்ளி உயரமும் பெற்றது. ஒன்றில் அளவாக இருந்தது மற்றொன்றில் எறும்பாயிற்று. பின்னர்க் கைப்பேசிகள் பரவின. அகன்ற திரைக்காக அமைத்த பக்கத்தைக் கையகலத் திரையில் காண்போர், எழுத்தைப் பெரிதாக்குவதும் இருபுறமும் நகர்த்துவதுமாக அலைந்தனர். 2010-ஆம் ஆண்டில் ஈத்தன் மார்க்காட் என்பவர், திரைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் பக்க அமைப்பை ஒரு கட்டுரையில் விளக்கினார். அகலத்தைப் படப்புள்ளியால் அளவாமல் திரையின் பங்காக அளப்பதும், திரை குறுகியபோது அடுத்திருந்த பெட்டியை அடியில் நிறுத்துவதும் அதன் சாரம். ஓலைக்குத் தக வரி மடக்கும் பழைய அறிவே இஃது.

பக்கம் அமைப்போர் கொள்ளவேண்டிய எச்சரிக்கை ஒன்றைச் சொல்லி மேற்செல்வேன். சிலர், வந்திருக்கும் உலாவியின் பெயரைக் கேட்டு, அதற்கேற்ற பக்கத்தை அனுப்ப முயல்வர். உலாவிகள் தம் பெயரை மெய்யாகச் சொல்வதில்லை. மொசில்லா என்பது நெட்ஸ்கேப்பின் உட்பெயர். அப்பெயரைச் சொல்வார்க்கே நல்ல பக்கங்கள் கிடைத்தமையால், பின்வந்த உலாவிகளும் அப்பெயரையே தொடக்கத்தில் சொல்லத் தலைப்பட்டன. இன்றும் பெரும்பாலானவை அவ்வாறே சொல்கின்றன. ஆகவே, ‘நீ யார்?’ என்று கேளாமல், ‘இன்னது உனக்குச் செய்யத் தெரியுமா?’ என்று கேட்டறிவதே தக்கது. தெரியாதெனின், வண்ணமும் அசைவும் குறைந்தாலும் எழுத்தும் இணைப்பும் குறையாத பக்கம் அதற்குக் கிடைக்கவேண்டும். பெல்லோ எழுதிய உலாவி இன்று ஒருவரிடம் இருந்தாலும் அவர் படிக்கக்கூடியதாய் இருத்தல் நன்று.

இனித் தமிழ்ப் பக்கங்களுக்கு நேர்ந்ததைக் கூறுவேன். இதில் யான் சொந்தப் பட்டறிவு உடையேன்.

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். பழைய முறையில் ஓர் எழுத்துக்கு ஒதுக்கிய எண்கள் 256. அவற்றுள் முற்பாதியாகிய 128 ஆங்கிலத்துக்கும் கட்டளைகளுக்கும் போயின. எஞ்சிய 128 இடங்களில் 247 தமிழெழுத்துகளை அடக்கவேண்டும். ஆகவே கொம்பு, கால், சுழி முதலியவற்றைத் தனித்தனி உறுப்புகளாகப் பிரித்து, கு, கூ போன்று உருவம் மாறுவனவற்றுக்கு மட்டும் தனி இடம் தந்தனர். எந்த எண்ணுக்கு எந்த உறுப்பு என்பதனை எழுத்துரு செய்வோர் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி வகுத்துக்கொண்டனர். ஒருவர் எழுத்துருவில் ககரமாக விளங்கிய எண் மற்றொருவர் எழுத்துருவில் ழகரமாயிற்று. உரிய எழுத்துரு இல்லாத கணினியிலோ, தலையில் புள்ளியும் கோடும் தாங்கிய ஐரோப்பிய எழுத்துகள் வரிசை வரிசையாக வந்து நின்றன.

பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்பும் முறை ஒன்று கண்டனர். அதிலும் நெட்ஸ்கேப் ஒரு வகைக் கோப்பையும் எக்ஸ்புளோரர் வேறு வகைக் கோப்பையும் கேட்டன. எல்லா உலாவிகளும் ஏற்கும் ஒரே வகை எழுத்துருக் கோப்பு 2012-ஆம் ஆண்டிலேதான் தரமாக முடிந்தது. இடையில், 1999-ஆம் ஆண்டு பிப்பிரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாக, ஒருமொழிக்கு ஒன்றும் இருமொழிக்கு ஒன்றுமாக இரண்டு குறியேற்றங்களைத் தமிழ்நாட்டரசு ஏற்றது. அயல்நாட்டுத் தமிழர் பலர் திஸ்கி என்னும் வேறொரு குறியேற்றத்தைக் கையாண்டனர். வழிகள் பெருகின, வழிப்போக்கர் துயரம் குறையவில்லை.

உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறி 1991-ஆம் ஆண்டில் வெளிவந்தபோதே அதில் தமிழுக்கு இடம் இருந்தது. அதில் ககரத்தின் எண் 2965. அவ்வெண் வேறெம்மொழி எழுத்துக்கும் உரியதன்று. ‘கொ’ என்பதனை ஒருங்குறி க என்னும் எண்ணாகவும், அதன்பின் ஒகரக் குறியின் எண்ணாகிய 3018 ஆகவும் வைத்துக்கொள்கிறது. ஆனால், திரையில் கொம்பு முன்னும் கால் பின்னுமாகக் ககரத்தை அணைத்து நிற்றல் வேண்டும். ஒலிவடிவு வேறு, வரிவடிவு வேறு என்று இலக்கணநூலார் கூறியது இங்கே கைகண்ட உண்மையாகிறது. ஒலிமுறையில் வைத்த எண்களை வரிமுறையில் அடுக்குவது கணினியின் கடமை. 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ‘லை’ என்பதற்கு யானைத் துதிக்கை போன்ற வளைவு இருந்தது. எழுத்துரு விரும்பினால் இன்றும் அவ்வளைவைக் காட்டலாம். உள்ளிருக்கும் எண் மாறுவதில்லை.

அக்கடமையைச் செய்ய அறியாத கணினிகள் பல இருந்தன. விண்டோஸ் 2000 வந்தபோதுதான் அவ்வினத்துக் கணினிகளில் ஒருங்குறித் தமிழைக் காட்டும் திறன் உடனிருந்தது. அதற்கு முந்தியவற்றில் கொம்பு தன் எழுத்தை விட்டு விலகித் தனியே நின்றது. அல்லது புள்ளிகளாலான ஒரு வெற்று வட்டத்தைத் தழுவி நின்றது. 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் பதிப்புக்கு முன்னர், பயர்பாக்ஸ் உலாவியில் வரியின் இரு ஓரங்களையும் ஒழுங்குபடுத்தி எழுதிய தமிழ்ப் பத்திகள் உடைந்து தோன்றின. ஆதலின், வலப்புறம் ஒழுங்கற்றிருந்தாலும் இருக்கட்டும் என்று தமிழ் எழுதுவோர் விட்டுவிட்டனர். தொடக்கக் காலத்து ஆண்டிராய்டு கைப்பேசிகளில் தமிழ் கட்டங்களாகத் தெரிந்தது. ஓப்பரா மினி என்னும் சிறிய உலாவியில் ஓர் ஏற்பாடு இருந்தது. எழுத்தைக் கைப்பேசியில் அடுக்காமல், எங்கோ ஒரு பெருங்கணினியில் அடுக்கிப் படமாக்கி அனுப்பும் முறை அது. படத்தில் உள்ள எழுத்தைத் தேட முடியாது, எடுத்தெழுத முடியாது. ஆயினும் படிக்க முடிந்தது. பசித்தவனுக்குப் பழஞ்சோறு போல அதுவும் உதவியது.

இன்று உலாவிகளும் கைப்பேசிகளும் தமிழைச் செவ்வனே காட்டுகின்றன. தமிழெழுத்து மேலும் கீழும் விரியும் இயல்பினது என்பதனைப் பக்கம் அமைப்போர் மறத்தல் மட்டும் இன்னும் நிகழ்கிறது. ஆங்கிலத்துக்கு அளந்து உயரம் வரையறுத்த பெட்டியில் தமிழை இட்டால், ‘கீ’யின் மேற்சுழியும் ‘பூ’வின் கீழ்க்கோடும் வெட்டுண்ணும். சிறு பொத்தானுக்குள் ‘பதிவிறக்கம் செய்க’ என்பது அடங்காது பிதுங்கும். உயரத்தை வரையறாது விடுதலே இதற்கு மருந்து.

என் பட்டறிவைச் சொல்வதாகக் கூறினேன். 2001-ஆம் ஆண்டில் எம் பள்ளி மாணவரைக் கொண்டு, சுற்றுப்புறச் சிற்றூர்களில் வழங்கிய உழவுச் சொற்களைத் தொகுத்தேன். மேழி, நுகத்தடி, பூட்டாங்கயிறு, பரம்பு, கமலை, சால், வடம், தும்பி, ஏற்றம் என்றவாறு தொளாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் திரண்டன. அவற்றுள் மூன்றில் ஒரு பங்கினைத் தந்தவர் எண்பது வயதைக் கடந்த ஒரு முதியவர். இளமையில் ஏற்றம் மிதித்தவர். எழுதப் படிக்க அறியாதவர். எம் பழைய மாணவன் ஒருவன் அச்சொற்களைத் தட்டச்சிட்டு இணையத்தில் ஏற்றினான். முதியவரை அழைத்துச் சென்று திரையைக் காட்டினேன். நெடுநேரம் நோக்கியிருந்தவர், “வாத்தியாரையா, இது மதுரையிலே இருக்கிறவனுக்கும் தெரியுமா?” என்று வினவினார். “இலண்டனில் இருப்பவருக்கும் தெரியும், பெரியவரே” என்று விடையிறுத்தேன்.

அது பொய்யாயிற்று. எங்கள் கணினியில் இருந்த எழுத்துரு மதுரையிலும் இல்லை, இலண்டனிலும் இல்லை. சிங்கப்பூரில் இருந்த பழைய மாணவன் ஒருவன், “ஐயா, தாங்கள் அனுப்பிய பக்கத்தில் ஐரோப்பிய எழுத்துகளே உள்ளன” என்று எழுதினான். எழுத்துருவை அஞ்சலில் அனுப்பினோம். அவன் படித்தான், ஆனால் ‘கு’ என்னும் எழுத்து எங்குமே இல்லை என்று மறுபடியும் எழுதினான். காரணத்தைப் பின்னரே அறிந்தேன். எம் எழுத்துரு செய்தவர் ‘கு’ என்பதனை 173-ஆம் எண்ணில் வைத்திருந்தார். ஐரோப்பிய முறையில் அவ்வெண், சொல் வரியிறுதியில் உடைந்தால் மட்டும் தோன்றும் இடைக்கோட்டுக்கு உரியது. மற்றை இடங்களில் மறைந்திருக்கும். எங்கள் உலாவி அதனை எழுத்தாகக் காட்டியது; அவன் உலாவி விதிப்படி மறைத்துவிட்டது.

முதியவர் 2006-ஆம் ஆண்டில் காலமானார். இலவசமாக இடம் தந்திருந்த இணையதளம் மூடப்பட்டது. எம்மிடம் இருந்த நெகிழ்வட்டும் பூசணம் பூத்துப் பயனற்றது. 2012-இல் சிங்கப்பூர் மாணவன் தன் கணினியில் எடுத்துவைத்திருந்த படியை அனுப்பினான். அஃது ஒன்றே எஞ்சியது. அதனைக் குறியேற்றம் மாற்றும் மென்பொருளில் இட்டு ஒருங்குறிக்கு மாற்றினோம். புதிய தொல்லை ஒன்று முளைத்தது. பழைய எழுத்துருவில் ளகரமும் ஔகாரக் குறியின் பின்னுறுப்பும் ஒரே வடிவம், ஒரே எண். புள்ளியும் தனியே இருந்தது. எனவே, ‘வெள்ளாமை’ என்பதன் முதலிரண்டு உருவங்களை மென்பொருள் ‘வௌ’ என்று ஔகாரமாகக் கொண்டுவிட்டது. ‘தெளி’ என்பதனையும் அவ்வாறே கெடுத்தது. இதில் கொடுமை யாதெனின், சில கணினிகளில் அப்பிழை கண்ணுக்குத் தெரிவதே இல்லை. எழுத்து சரியாகவே தோன்றும். உள்ளிருக்கும் எண்தான் தவறு. வெள்ளாமை என்று தட்டச்சிட்டுத் தேடினால் அச்சொல் அகப்படாது. வேறொரு கணினியில் திறந்தால் அவ்வெற்று வட்டம் எட்டிப்பார்க்கும்.

மறைந்துபோன ‘கு’ அதனினும் கடிது. யானும் என் மகளும் மாலைதோறும் அமர்ந்து சொல் சொல்லாகத் திருத்தினோம். உ. வே. சாமிநாதையர் சிந்தாமணியை 1887-இல் பதிப்பிக்கும் முன் ஏடுகளை ஒப்புநோக்கிய பாடு ஒருவாறு எனக்கு விளங்கியது. அவருக்குப் பல ஏடுகள் இருந்தன, எமக்கு ஓரேடு. ‘ந்தாணி’ என்று நின்றது குந்தாணி. ‘திர்’ என்று நின்றது குதிர். ‘றுணி’ என்று நின்றது குறுணி. மெய்யெழுத்து முதலில் வாராது என்பதும், றகரம் மொழிமுதல் ஆகாது என்பதும், மீதியைப் பொருட்குறிப்பும் காட்டிக்கொடுத்தன. இலக்கணம் இத்துணைப் பயன்படும் என்று யான் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை.

ஆறு சொற்கள் மட்டும் எஞ்சின. அவற்றுள் ஒன்று ‘வளை’ என்று உள்ளது. எதிரே, ‘ஏற்றமரத்தின் அச்சைத் தாங்கும் உறுப்பு’ என்று பொருள் எழுதியிருக்கிறது. அது வளையாகவே இருக்கலாம். முதலெழுத்தை இழந்த குவளையாகவும் இருக்கலாம். இரண்டும் பொருளுக்குப் பொருந்துகின்றன. அவ்வூரில் ஏற்றம் மிதித்தவர் இப்போது எவரும் இலர். ஒருங்குறியில் ஏற்றிய புதிய பட்டியலில் இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கொடுத்து, பாடவேறுபாடு என்று குறித்துவைத்திருக்கிறேன்.